15 நிமிடம் பின்னால் ஓடும் பினாங்கு

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் கம்பெனி இன்னொரு முறை இருக்கிறது. சைபர்ஜெயாவில் ஓடும் அதே 22 மெய்நிகர் கணினிகள் (சர்வருக்குள் மென்பொருளால் ஓடும் தனித்தனிக் கணினிகள்), அதே பெயர்கள், அதே கணக்கு, அதே லோரி ரசீதுகள். ஒரே வித்தியாசம், அங்கே உள்ள நகல் அதிகபட்சம் 15 நிமிடம் பின்தங்கியிருக்கும். சைபர்ஜெயாவில் மணி பத்து அடித்தால், பினாங்கு நகலுக்கு இன்னும் ஒன்பதே முக்காலாக இருக்கலாம்.

சைபர்ஜெயா விழுந்தால் எழுப்புவதற்கான இந்த நகலை உருவாக்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. மென்பொருளை நிறுவியதென்னவோ ஒரு மதியத்தில் முடிந்த வேலை. மீதி நாளெல்லாம் எதற்குப் போனது என்று யாராவது கேட்டால் ஒரே மூச்சில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கப் போகும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும்.

2021 டிசம்பர் 18ஆம் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை விடாமல் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்ததை நாடே பார்த்தது. எங்கள் கிடங்கும் ஷா ஆலமில்தான். வேறு பகுதி என்பதால் தண்ணீர் முழங்காலோடு நின்றது. ஆனால் அப்போது எங்கள் சர்வர்கள் கிடங்கின் கீழ்த்தளத்தில், ஒரு சின்ன ஏர்கான் அறையில் இருந்தன. ரேக்கின் அடியில் நான்கு தட்டு காலியாகக் கிடந்ததால் மட்டுமே அவை பிழைத்தன. அந்த இடத்தை யாரும் திட்டமிட்டுக் காலியாக விடவில்லை. ஈரச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்கும் முதல் சர்வருக்கும் நடுவே என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதற்குமேல் இடமில்லை. அன்று வயிற்றில் ஏற்பட்ட கலக்கம் இன்னும் போகவில்லை.

2022இல் சர்வர்களை சைபர்ஜெயாவில் ஒரு தரவு மையத்துக்கு மாற்றினோம். அப்புறம், இரண்டாவது இடம் ஒன்று வேண்டும் என்று நிர்வாகமே சொன்னது. பினாங்கில் எங்களுக்குக் கிளை இருக்கிறது, ஆளும் இருக்கிறார். அங்கே மட்டும் வெள்ளம் வராதா? 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. ஆனால் இரண்டு இடமும் ஒரே நாளில் மூழ்குவது அரிது. மூன்றாவது மாடியாகப் பார்த்துப் பிடித்தோம்.

பினாங்குக் கிளையின் அண்ணன் ஒருவர் மின்வேலையிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர். முதல் கூட்டத்திலேயே அவர் ஒன்று கேட்டார். "தம்பி, 1996 ஆகஸ்ட் 3 ஞாபகம் இருக்கா?" எனக்கு அப்போது ஏழு வயது. திரெங்கானு பக்கம் ஒரு மின் நிலையத்தில் தொடங்கிய கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கிய நாள் அது. "ரோட்டுல 350 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கோம்னு நெனைக்காதீங்க. கரண்டுக்கு நாம ரெண்டு பேரும் ஒரே வீடுதான்." தூரம் வெள்ளத்துக்கு உதவும், மின்சாரத்துக்கு உதவாது. அன்றே பினாங்கு அறைக்கு ஜெனரேட்டர், டீசல் கணக்கு எல்லாம் பட்டியலில் ஏறின. என் வரைபடத்தில் அந்த ஆபத்து இருக்கவே இல்லை.

இனி அந்த 15 நிமிடத்துக்கு வருகிறேன். "ஏன் பின்தங்க வேண்டும்? உடனுக்குடன் நகலெடுக்க முடியாதா?" என்பதுதான் முதலாளி கேட்ட முதல் கேள்வி. நியாயமான கேள்வி. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 350 கிலோமீட்டர் போய்த் திரும்ப மூன்றரை மில்லிவினாடி. கேபிள் சாலையோடு சுற்றி, நடுவில் பல கருவிகளைத் தாண்டிப் போவதால் நாங்கள் அளந்தபோது எட்டு, ஒன்பது மில்லிவினாடி வந்தது. உடனுக்குடன் நகலெடுப்பது என்றால், இங்கே எழுதும் ஒவ்வொரு பதிவும் "அங்கேயும் எழுதியாச்சு" என்ற பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். தரவுத்தளம் ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் சிறு பதிவுகள் எழுதினால் எட்டு வினாடி வீண். விஎம்வேர் நிறுவனத்தின் விசான் என்ற சேமிப்பு முறையை இரண்டு இடத்துக்கு விரித்து ஓட்டுவதற்கே 5 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நமக்கு அது ஆகாது.

ஆகவே பின்தங்கி ஓடும் நகல்தான் வழி. அதிலும் பல வகை இருக்கின்றன. ஜெர்ட்டோ போன்ற மென்பொருள்கள் மாற்றங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுவதுபோலத் தொடர்ந்து அனுப்பிச் சில வினாடி இடைவெளிக்குள் வைத்திருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி ரெப்ளிகா 2012இல் வந்தது, இடைவெளி 30 வினாடிவரை இறங்கும். எங்களிடம் ஏற்கனவே விஸ்பியர் இருந்தது, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேர் மென்பொருள். அதோடு வந்த விஸ்பியர் ரெப்ளிகேஷனுக்கு அப்போது தனிக் காசு இல்லை, இடைவெளி 5 நிமிடம்வரை இறங்கியது. அதையே எடுத்தோம். இதில் சேர்த்து வாங்கக்கூடிய தானியங்கி மீட்பு மென்பொருள் ஒன்று உண்டு. அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. எல்லா இயந்திரத்தையும் கையால்தான் எழுப்ப வேண்டும் என்று முடிவானது.

எத்தனை நிமிடம் வைப்பது? எங்கள் துறையில் இதை ஆர்.பி.ஓ. என்போம். எத்தனை நிமிட வேலை போனால் தாங்கும் என்பதே அதன் பொருள். முதலாளி "ஒன்றும் போகக்கூடாது" என்றார். கணக்குப் பிரிவு ஒரு மணி நேரம் தாங்கும் என்றது. கடைசியில் கிடங்குக்குப் போனேன். அங்கே டெலிவரி ஆர்டர் போடும் அக்கா அந்த இருக்கையில் இருபது ஆண்டாக இருப்பவர்.

"பதினஞ்சு நிமிஷம் போனா பரவாயில்ல தம்பி. தாள் கையில இருக்கும், திரும்ப அடிச்சிடலாம். ஆனா நம்பர் என்ன ஆகும்?"

"எந்த நம்பர்க்கா?"

"டி.ஓ. நம்பர். பத்து மணிக்கு 48210 போட்டு லோரிய கிள்ளான் துறைமுகத்துக்கு அனுப்பிட்டேன். உங்க பினாங்கு சர்வருக்கு அது தெரியாதில்ல? அது 48190லயே நிக்கும். நான் அடுத்தத போட்டா 48191ன்னு குடுக்கும். அந்த நம்பர்ல ஒரு லோரி ஏற்கனவே ரோட்டுல ஓடிட்டிருக்கு. ஒரே நம்பர்ல ரெண்டு லோரி போனா கஸ்டம்ஸ்ல எதைக் காட்டுறது?"

நான் பேனாவை எடுத்தேன். அதுவரை எத்தனை கையேடு படித்திருப்பேன், எத்தனை பயிற்சிக் காணொளி பார்த்திருப்பேன். எதிலும் இது இல்லை. மென்பொருளுக்குத் தெரிந்தது டிஸ்க்கில் மாறிய துண்டுகள் மட்டும்தான். அந்தத் துண்டுகளில் ஒன்று ஒரு லோரியின் எண் என்பதும், அந்த எண் ஏற்கனவே கம்பெனிக் கதவைத் தாண்டிப் போய்விட்டது என்பதும் இந்த அக்காவுக்குத்தான் தெரியும். நேரம் பின்னால் போனால் கம்பெனிக்குள் இருப்பதெல்லாம் சேர்ந்து பின்னால் போகும். வெளியே போனது திரும்பி வராது. பட்டுவாடா ரசீது, வங்கிக்கு அனுப்பிய கோப்பு, வாடிக்கையாளருக்குப் போன மின்னஞ்சல் எல்லாமே அப்படித்தான்.

வழி மிக எளியது. பினாங்கில் தரவுத்தளம் எழுந்ததும், யாரும் எதையும் அடிப்பதற்கு முன்பு, டி.ஓ. எண்ணோடு ஆயிரத்தைக் கூட்டிவிட வேண்டும். ஒரு வரிக் கட்டளை. நடுவில் விடுபட்ட எண்களை அக்கா கையில் இருக்கும் தாளைப் பார்த்து நிரப்பிக்கொள்வார். அன்று மதியமே எல்லாப் பிரிவுக்கும் போய் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "உங்களிடமிருந்து வெளியே போகும் எண் எது?" ஏழு கிடைத்தன. ஆர்.பி.ஓ. 15 நிமிடம் என்று முடிவானதும் அன்றுதான்.

சரி, முதல் நகலைக் கொண்டுபோக வேண்டும். மொத்தம் 6.4 டெராபைட். இரண்டு இடத்தையும் இணைக்கும் எங்கள் தடம் 100 மெகாபிட். முழு வேகத்தில் மணிக்கு 45 கிகாபைட், அதாவது ஆறு நாள், இரவு பகலாக. பகலில் அலுவலகமும் அதே தடத்தில்தான் ஓடுகிறது, அதனால் இரண்டு வாரம் ஆகியிருக்கும். இயந்திரங்களின் குளோனை, அதாவது முழு நகலை எடுத்து, மறையாக்கம் செய்த இரண்டு சேமிப்புப் பெட்டிகளில் போட்டுக் காரிலேயே கொண்டுபோவதென்று தீர்மானித்தோம். பெட்டிகளைத் துண்டில் சுற்றிப் பின்சீட்டில் வைத்து சீட் பெல்ட் போட்டேன். விடியற்காலை கிளம்பி, தாப்பாவில் பசியாறி, ஈப்போ சுண்ணாம்புமலைகளைக் கடந்து, மெனோரா சுரங்கத்தில் நுழைந்தபோதுதான் மனத்தில் கணக்குப் போட்டேன். ஐந்து மணி நேரத்தில் 6.4 டெராபைட் என்றால் கிட்டத்தட்ட வினாடிக்கு 2.8 கிகாபிட். எங்கள் கேபிளைவிடக் கார் 28 மடங்கு வேகம். பெட்டியில் ஏற்ற ஒரு இரவும் இறக்க ஒரு இரவும் பிடித்ததைச் சேர்த்தாலும் கார்தான் வென்றது. ஜூருவைத் தாண்டிப் பினாங்குப் பாலத்தில் ஏறும்போது காற்று பலமாக அடித்தது. 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் அது. அவ்வளவு மெதுவாக நான் அதில் போனதே இல்லை.

இப்படி முன்கூட்டிக் கொண்டுபோகும் நகலை விதை என்பார்கள். பொருத்தமான பெயர். விதையைக் காட்டினால் மென்பொருள் இரண்டு பக்கத்து டிஸ்க்குகளையும் துண்டு துண்டாக ஒப்பிட்டு, வேறுபடுவதை மட்டும் அனுப்பும். ஒரு இரவுக்குமேல் ஓடியது ஒப்பீடு.

அடுத்த சிக்கல் ஃபயர்வாலில், அதாவது நெட்வொர்க்கின் காவலில். முதல் நகலுக்கான 31031 போர்ட்டை (தரவு நுழையும் வாசல்) திறக்கச் சொல்லியிருந்தோம், திறந்தார்கள். தொடர்ந்து வரும் மாற்றங்களுக்கு 44046 வேண்டும் என்பது விண்ணப்பத்தில் இருந்தும் விடுபட்டுப்போனது. ஒப்பீடு நன்றாக முடிந்து, அப்புறம் எதுவுமே நகரவில்லை. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள். போர்ட்டுகளை எழுதிக் கொடுத்தால் போதாது, இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரியது நள்ளிரவுச் சிவப்பு. தினமும் இரவு ஒரு மணிக்குத் தரவுத்தள இயந்திரம் மட்டும் கண்காணிப்புத் திரையில் ஆர்.பி.ஓ. மீறல் என்று சிவக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் தெளியும். பகலில் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு வாரம் தடத்தைச் சந்தேகித்தேன். காரணம் எங்கள் பேக்கப்தான். ஒரு மணிக்குத் தரவுத்தளம் தன்னையே 180 கிகாபைட் கோப்பாக எழுதி அதே டிஸ்க்கில் வைக்கும். நகலாக்கும் மென்பொருளுக்கு அது பேக்கப் என்று எப்படித் தெரியும்? மாறிய துண்டு என்று அத்தனையையும் பினாங்குக்கு அனுப்பும். 180ஐ 45ஆல் வகுத்தால் நான்கு மணி நேரம், ஒன்றிலிருந்து ஐந்துவரை. பேக்கப் கோப்பைத் தனி மெய்நிகர் டிஸ்க்குக்கு மாற்றி, அந்த டிஸ்க்கை மட்டும் நகலாக்கத்திலிருந்து விலக்கினோம். அன்றிலிருந்து இரவெல்லாம் பச்சை.

பச்சை வந்ததும் பலர் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் வாழ்த்தினார்கள். துண்டுகள் போய்ச் சேர்ந்தன என்பதற்குத்தான் அந்தப் பச்சை சாட்சி. கம்பெனி அங்கே எழுந்து நடக்குமா என்று அதற்குத் தெரியாது. சீனப் புத்தாண்டுக்கு லோரிகள் நிற்கும் நாளில் எழுப்பிப் பார்க்க அனுமதி வாங்கினேன்.

2023 ஜனவரி 23, திங்கள். அக்கா தானாகவே வந்து, எட்டரையிலிருந்து ஒன்பதுவரை இருபது பொய் டி.ஓ. போட்டார். ஒன்பது மணிக்கு சைபர்ஜெயாவை அணைத்தேன். கடைசி மாற்றங்களை அனுப்பாமல், பினாங்கில் என்ன இருக்கிறதோ அதையே எழுப்பினோம். வெள்ளம் வந்தால் அப்படித்தானே வரும்.

இயந்திரங்கள் எழுந்தன, ஆனால் எல்லாமே நெட்வொர்க் கேபிள் பிடுங்கிய நிலையில். இது கோளாறு இல்லை. ஒரே முகவரியில் இரண்டு இயந்திரம் மோதிவிடக் கூடாதென்று மென்பொருள் செய்யும் பாதுகாப்பு. எதிர்பார்த்ததுதான். 22 இயந்திரங்களுக்கும் கையால் இணைத்து, பினாங்கு நெட்வொர்க்குக்கு ஏற்ற ஐ.பி. முகவரி கொடுக்கவே ஒரு மணி நேரத்துக்குமேல் போனது. பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் டி.என்.எஸ். முதலில் எழ வேண்டும், அப்புறம் தரவுத்தளம், அதன் பிறகுதான் மற்றவை. நாங்கள் அவசரத்தில் ஒன்றாக எழுப்பிவிட்டு, பாதியைத் திரும்ப அணைத்தோம். டி.ஓ. மென்பொருள் தரவுத்தளத்தைப் பெயரால் தேடவில்லை, பழைய ஐ.பி. எண்ணை உள்ளேயே எழுதி வைத்திருந்தது. அதைத் தேடிப்பிடிக்க நாற்பது நிமிடம்.

சம்பள மென்பொருள் எழுந்ததும் ஒரு சாவி கேட்டது. பத்தாண்டுக்கு முன்பு அதை வாங்கியபோது கொடுத்த யூ.எஸ்.பி. சாவி, சைபர்ஜெயா சர்வரின் முதுகில் செருகியிருக்கிறது. 6.4 டெராபைட்டும் பினாங்குக்கு வந்துவிட்டது, விரல் நீளச் சாவி வரவில்லை. மென்பொருள் விற்றவர்களிடம் இரண்டாவது சாவி வாங்க ஆறு வாரம் ஆனது. அது நடந்தது விடுமுறை நாளில் என்பதால் சரி, மாதக் கடைசியில் என்றால் 140 பேருக்குச் சம்பளம் போயிருக்காது.

அக்கா தன் இருபது டி.ஓ.வைச் சரிபார்த்தார். பதினான்கு இருந்தன. ஆறு, 15 நிமிட இடைவெளிக்குள் போயின, சரி. ஆனால் இருந்த பதினான்கில் ஐந்துக்குக் கையெழுத்து ஸ்கேன் திறக்கவில்லை. இதுதான் அன்று எனக்குப் புதிய பாடம். ஒரே இயந்திரத்தின் டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நேரத்து நிலையில் இருக்கும். வெவ்வேறு இயந்திரங்களுக்கு அந்த உறுதி கிடையாது. தரவுத்தளம் 8:52இல் நின்றது, ஸ்கேன் கோப்புகள் இருக்கும் சர்வர் 8:45இல் நின்றது. 15 நிமிடம் பின்னால் என்று சொல்லும்போது எல்லாரும் ஒரே கடிகாரத்தைப் பார்ப்பதாக நான் நினைத்திருந்தேன். 22 கடிகாரங்கள் இருக்கின்றன.

முடியும்போது மணி இரண்டு பத்து. ஐந்து மணி நேரம் பத்து நிமிடம் பிடித்திருந்தது. வங்கியில் வேலை செய்யும் என் நண்பனிடம் சொன்னேன். அவர்களுக்கு பேங்க் நெகாரா மலேசியாவின் தொழில்நுட்ப இடர் கொள்கை இருக்கிறது, 2020 ஜனவரி 1 முதல் அமலில். முக்கியமான அமைப்பு ஒரு தடவை விழுந்தால் 120 நிமிடத்துக்குள் எழ வேண்டும், பன்னிரண்டு மாதத்தில் திட்டமிடாமல் விழுந்த நேரம் மொத்தம் 4 மணி நேரத்துக்குமேல் போகக்கூடாது. நாங்கள் வங்கி இல்லை, அந்த விதி எங்களைக் கட்டாது. ஆனாலும் 120 என்ற எண்ணை வெள்ளைப் பலகையில் எழுதி வைத்தேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நகல் இருக்கிறது என்று பேக்கப்பை நிறுத்தச் சொன்னவர்கள் எங்கள் கம்பெனியிலும் இருந்தார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சைபர்ஜெயாவில் ஒருவன் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டால், பூட்டிய கோப்பு 15 நிமிடத்தில் பினாங்குக்கும் போய்விடும். மென்பொருள் நேர்மையாகத் தன் வேலையைச் செய்யும். பழைய நிலைகள் 24வரை வைத்துக்கொள்ள அதில் வசதி உண்டு, நாங்களும் வைத்திருக்கிறோம். அது சில நாளுக்குத்தான் உதவும். தடத்திலிருந்து பிரித்து வைத்த பேக்கப் வேறு, அது கட்டாயம் வேண்டும்.

ஜனவரிக்குப் பிறகு நான் செய்த வேலையெல்லாம் தாளில்தான். எது முதலில் எழ வேண்டும், எந்தக் கோப்பில் எந்த வரி, சாவி எங்கே ஒட்டியிருக்கிறது, எந்தெந்த ஏழு எண்ணில் ஆயிரம் கூட்ட வேண்டும், ஸ்கேன் விடுபட்டதைப் பட்டியலிடும் கட்டளை என்ன. அச்சடித்து, ஒன்று பினாங்கு ரேக் கதவில், ஒன்று அண்ணன் வீட்டில், ஒன்று என் காரில். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியதும் லைசென்ஸ் முறையே மாறியது. இப்போது பிராக்ஸ்மாக்ஸ் என்ற மாற்று மென்பொருளுக்குப் போகலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். போனால் தாளில் மாறப்போவது நான்கைந்து வரிதான், எண்ணிப் பார்த்துவிட்டேன்.

2023 ஏப்ரலில், நோன்புப் பெருநாள் விடுமுறையில், இரண்டாவது சோதனை: இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம். ஆகஸ்ட் 31, தேசிய தினத்தன்று மூன்றாவது. அன்று நான் எதையும் தொடவில்லை. தாளைப் பார்த்து அண்ணன் தனியாகச் செய்ய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நான் ஷா ஆலமில் அக்கா பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தொடங்கி ஒரு மணி நேரம் முப்பத்தைந்து நிமிடம் ஆனபோது "அடிச்சுப் பாருங்க" என்றார் அண்ணன்.

அக்கா ஒரு பொய் டி.ஓ. அடித்தார். அச்சுப்பொறி தாளைத் தள்ளியது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தன் நோட்டில் இருந்த கடைசி எண்ணையும் தாளில் இருந்த எண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஆயிரம் தாண்டியிருக்கு தம்பி" என்றார். அந்தத் தாள் இன்னும் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.